நூற்றுத் தொண்ணூற்றாறு

தாமரைச்செல்வியின் வகுப்பில் பிரம்பு கிடையாது. காரைக்காலில் அந்தத் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்த நாளிலிருந்தே கிடையாது. வாலாட்டுகிற பையனைப் பக்கத்தில் கூப்பிட்டு, கரும்பலகையின் ஓரத்தில் ஓர் எண்ணை எழுதுவாள். "இது பகா எண்ணா இல்லையான்னு கண்டுபிடிச்சிட்டு வந்து பேசு" என்பாள். எண் கொஞ்சம் பெரியதாகவே இருக்கும். பையன் ஏழால் வகுப்பான், பதின்மூன்றால் வகுப்பான், அதற்குள் மணி அடித்துவிடும். பக்கத்து வகுப்பு டீச்சர்கள் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருக்க, அவள் அறை மட்டும் அமைதியாக இருக்கும். அதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவள் பிறந்து வளர்ந்தது குரும்பகரத்தில். அண்ணன் தெட்சிணாமூர்த்தி அவளுக்குப் பத்து வயது மூத்தவர். அப்பா வரப்பில் வழுக்கி இடுப்பை ஒடித்துக்கொண்ட வருஷம், கல்லூரியில் சேர இருந்தவர் சேராமல் ஊர்ப்பக்கத்து விவசாயக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராகப் போனார். தங்கை பஸ் ஏறிப் போய் பி.எஸ்ஸி. கணிதம் படித்தாள், பி.எட். முடித்தாள். "எனக்குக் கூட்டல் கழித்தல் போதும். நீ மேல போ" என்று ஒருமுறை சொன்னார். அதோடு சரி, அந்தப் பேச்சை அவர் மறுபடி எடுத்ததே இல்லை. சங்கத்தில் அவர் போட்ட கூட்டலை யாரும் இரண்டாம் தடவை சரிபார்ப்பதில்லை என்பது ஊரறிந்த விஷயம்.

போன ஆனி மாதம் மாங்கனித் திருவிழாக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தார். மாடியிலிருந்து யாரோ வீசிய மாம்பழத்தைப் பிடிக்கத் தூக்கிய வலது கை பாதியில் நின்று அப்படியே தொங்கியது. வாயும் லேசாகக் கோணியது. பக்கத்தில் இருந்தவர்கள் ஆட்டோவில் போட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் உயிருக்கு ஆபத்தில்லை. அவர் மனைவி அமுதம் இறந்து நாலைந்து வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தங்கை வீட்டுக்குத்தான் வந்தார். தாமரையின் கணவன் சிவநாதனே போய் அவருடைய துணிமணிகளை எடுத்துவந்தான். மகள் இளவேனில் புதுச்சேரியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவளுடைய அறை மாமாவின் அறையானது.

சங்கத்துக்கு நீண்ட லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. வேலைக்குப் போய்ப் பழகிய மனுஷன் சும்மா உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஃபேன் சத்தம் போடுகிறது என்பார். மருந்து சாப்பிட்டேனா என்று கேட்பார். சாப்பிட்டீர்கள் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தால், "தாமரை" என்று மறுபடி குரல் வரும். போய் நின்றால், "ஒன்னுமில்ல, இருக்கியான்னு பாத்தேன்" என்பார்.

அவர் கைகாலுக்குப் பயிற்சி கொடுக்க வரும் அஜ்மீர்தான் ஒரு வழி சொன்னான். கருக்களாச்சேரிப் பக்கம் வீடு, பொறுமையான பையன். "எழுத வைங்கக்கா. எதையாவது எழுதிக்கிட்டே இருக்கட்டும். விரலுக்கும் வேலை, மூளைக்கும் வேலை."

அண்ணனுக்கு எழுதக் கொடுப்பதற்குத் தாமரையிடம் எண்ணைத் தவிர வேறென்ன இருந்தது? பள்ளியிலிருந்து கொண்டுவந்த பழைய வினாத்தாள் ஒன்றின் வெற்றுப் பக்கத்தில் 89 என்று எழுதினாள்.

"இதைத் திருப்பிப் போட்டா என்ன வரும்ணே?"

"தொண்ணூத்தெட்டு."

"ரெண்டையும் கூட்டுங்க."

நடுங்கும் கையால் 187 என்று எழுதினார்.

"அதையும் திருப்பிப் போட்டுக் கூட்டணும். வர்றதை மறுபடியும் திருப்பிக் கூட்டணும். விகடகவிங்கிற சொல்லை எந்தப் பக்கமிருந்து படிச்சாலும் ஒன்னுபோல இருக்கும்ல, அந்த மாதிரி ஓர் எண் வர்ற வரைக்கும் விடக்கூடாது."

அவர் விடவில்லை. 968, 1837, 9218 என்று எண் வளர்ந்துகொண்டே போனது. முதலில் கோணல்மாணலாக ஓடிய இலக்கங்கள் போகப்போக ஒன்றின் கீழ் ஒன்று வந்து நின்றன. "எட்டும் ஏழும் பதினஞ்சு, அஞ்சைப் போடு, கையில ஒன்னு" என்று முணுமுணுத்தபடியே அவர் எழுதுவதைச் சிவநாதன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டு, "ஆபீசு திறந்துட்டாங்க போல" என்று சிரித்தான். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, தாமரை பள்ளியிலிருந்து திரும்பியபோது அவர் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் தாள். கடைசி வரியில் 8813200023188.

"இந்தப் பக்கமிருந்து படி. இப்ப அந்தப் பக்கமிருந்து படி" என்றார். நோய் வந்த பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை. அன்றைக்கு இரண்டு கரண்டி சாதம் கூடுதலாகச் சாப்பிட்டார்.

அதன் பிறகு தினம் ஓர் எண் கேட்டார். சில எண் ஐந்தாறு வரியில் முடிந்துவிடும், சில எண் ஒரு பக்கம் ஓடும். முடிந்ததும் "தாமரை, வந்துட்டுது" என்று கூப்பிடுவார். அவள் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்து அடுத்ததைக் கொடுக்க வேண்டும்.

காலாண்டுத் தேர்வு வந்தது. மூன்று வகுப்பு விடைத்தாள்கள் மேசையில் குவிந்து கிடந்தன. திங்கட்கிழமை மதிப்பெண் கொடுத்தாக வேண்டும் என்று பள்ளியில் நெருக்கினார்கள். சனிக்கிழமை காலை, ஒரு விடைத்தாளைத் திருத்தி முடிப்பதற்குள் இரண்டு முறை "வந்துட்டுது" என்ற குரல் வந்துவிட்டது. மூன்றாம் முறை எழுந்து போனவள் அவர் நீட்டிய தாளைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அடுத்த தாளை எடுத்து 196 என்று எழுதி, பேனாவை அவர் பக்கம் நகர்த்திவிட்டு வந்துவிட்டாள்.

எண்ணை யோசிக்காமல் எழுதினாள் என்று சொல்ல முடியாது. பல வருஷம் முன்பு ஒரு பயிற்சி முகாமில் பேராசிரியர் ஒருவர் அதைப் பற்றிச் சொல்லியிருந்தார். திருப்பிக் கூட்டத் திருப்பிக் கூட்ட, அந்த எண் விகடகவியாகவே மாறுவதில்லை. கணினியில் கோடிக்கணக்கான இலக்கங்கள் வரை கொண்டுபோய்ப் பார்த்திருக்கிறார்கள், வரவில்லை. ஒருநாளும் வராது என்று யாராலும் நிரூபிக்கவும் முடியவில்லை. எழுதும்போது இது எல்லாமே தாமரைக்கு நினைவிருந்தது. இந்த வேலை முடியும் வரை, இரண்டு நாளைக்கு, என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு நாளில் விடைத்தாள்கள் முடிந்தன. வீடு அமைதியாக இருந்தது. சொல்லிவிடலாம் என்று அவர் அறை வாசல் வரை போனவள், அவர் குனிந்து எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்து காபி போட்டுக் குடித்தாள். சூடு ஆறாமல் காபி குடித்து எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது. அந்த ஒரு வாய்க் காபியின் ருசி பிறகு எத்தனையோ நாள் அவள் தொண்டையில் வந்து நின்றது.

முதல் வாரம் அவர் உற்சாகமாகத்தான் இருந்தார். "இது பெரிய கை தாமரை, லேசுல மசியாது" என்றார். எண் தாளின் அகலத்தைத் தாண்டியதும் பக்கத்தில் இன்னொரு தாளை ஒட்டிக்கொண்டார். பசையும் பழைய வினாத்தாளும் தாமரைதான் கொண்டுவந்து கொடுத்தாள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், பள்ளிக்கு விடுமுறை விட்டு அவள் வீட்டில் இருந்தபோது, அவர் ஒட்டிய தாள்களையெல்லாம் நாலாக மடித்துக் கிழித்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"எங்கேயோ தப்பு விட்டிருக்கேன். கையில உள்ளதைக் கூட்டாம விட்டிருப்பேன். இல்லேன்னா இத்தனை வரிக்கு வராம இருக்குமா?" கிழித்த தாள்களைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்தார். "மொதல்லேர்ந்து போடுறேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால் முதல் நாள் செய்ததையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும்? "பாத்துப் போடுங்கண்ணே, வரும்" என்றாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று சாக்குச் சொல்லி எழுந்து போய்விட்டாள்.

அவர் மத்தியானம் தூங்கும்போது போய் அந்தத் தாள்களைப் பார்க்க ஆரம்பித்தாள். இந்தக் கணக்கில் ஒரு விசேஷம் உண்டு. இரட்டைப்படை எண்ணிக்கையில் இலக்கங்கள் உள்ள எண்ணைத் திருப்பிக் கூட்டினால், விடை பதினொன்றால் மீதியின்றி வகுபடும். ஒருமுறை வகுபட்டுவிட்டால் அதற்குப் பிறகு வரும் எல்லா எண்ணும் வகுபடும். 196-இன் மூன்றாவது விடையிலிருந்தே அது தொடங்கிவிடும். எங்காவது கூட்டலில் சறுக்கினால் பெரும்பாலும் அங்கேயே அது காட்டிக்கொடுத்துவிடும். தாமரை பென்சில்கூட எடுக்காமல், நின்றபடியே வரி வரியாகச் சோதித்தாள். எல்லாம் வகுபட்டது. அது மட்டும் போதாது என்று, பள்ளிக் கணினியில் அந்த வரிசையை ஓடவிட்டு எடுத்துவந்தும் ஒப்பிட்டாள். நடுங்குகிற கையால், பாதி செத்த விரல்களால், ஐம்பது இலக்கத்துக்கும் மேலே போன கூட்டலில் அவர் ஓர் இடத்தில்கூடத் தப்பு விடவில்லை. அதை அவள் தெரிந்துகொண்ட மறுநாள் அவர் மறுபடி எல்லாவற்றையும் கிழித்தார்.

கார்த்திகையில் அவர் பேச்சு குறைந்தது. அஜ்மீர் காலைத் தூக்கச் சொன்னால் தூக்குவார், அவ்வளவுதான். "நல்லாத்தான் தேறிக்கிட்டு வர்றாரு. மனசுதான் விட்டுப்போச்சு போலக்கா" என்றான் அஜ்மீர். ஒருநாள் சாப்பிடும்போது, "அமுதம் போன தேதி என்ன?" என்று கேட்டார். தாமரை சொன்னாள். "நான் நெனச்சது சரிதான். ஆனா என்னை நம்ப முடியல இப்பல்லாம்" என்றார். அவள் தட்டில் இருந்த சாதத்தை வெறுமனே பிசைந்துகொண்டிருந்தாள்.

மார்கழி பிறந்து சில நாள் கழித்து, பஸ் நிலையத்தில் சேக் அலாவுதீனைப் பார்த்தாள். சங்கத்தின் உரக் கிடங்கைக் கவனித்துக்கொள்கிறவர், அண்ணனைப் பார்க்க அவ்வப்போது வீட்டுக்கு வருகிறவர். அவள் சலாம் சொல்லும் முன்பே அவர் தலையை ஆட்டினார்.

"தெட்சிணாமூர்த்தி அண்ணன் இப்படிப் பண்ணிட்டாங்களேம்மா. நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன், என் கையாலயே. கவரு ஒட்டியிருந்துச்சு, லீவு லெட்டருன்னுல நெனச்சேன்."

"எதைச் சொல்றீங்க பாய்?"

"ராஜினாமா. உங்களுக்குத் தெரியாதா? போன வாரக் கூட்டத்துல ஏத்துக்கிட்டாங்க. இன்னும் நாலு வருஷம் சர்வீசு இருக்கு மனுஷனுக்கு."

பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தாள்.

வீட்டில் அண்ணன் தாள்களுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் எதிரில் போய் நின்றாள்.

"வேலையை விட்டுட்டீங்களாண்ணே?"

"அலாவுதீன் சொன்னாரா?" பசை விரலைத் துணியில் துடைத்தார். "சொன்னா நீ வேணாம்பே. அதான் சொல்லல. ஒரு கூட்டலை நேராப் போட வரல எனக்கு. எத்தனை தடவை மொதல்லேர்ந்து போட்டேன்னு நீயே பாத்தியே. இந்தப் புத்தியை வச்சுக்கிட்டு அந்தச் சீட்டுல உக்காந்தா, ஊரு சனத்துக்குப் பண்ற துரோகம்."

"நீங்க தப்பே விடலண்ணே."

"நீ சமாதானம் சொல்லாத."

தாமரை தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அந்த எண்ணுக்கு முடிவு கிடையாதுண்ணே. யாருக்கும் வந்ததில்ல. எவ்வளவோ பெரிய கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தும் வரல."

அவர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "எப்பத் தெரிஞ்சுது ஒனக்கு?"

"குடுக்கும்போதே தெரியும்."

"தெரிஞ்சே குடுத்தியா?"

"ஆமாண்ணே."

"ஏன்?"

பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது. "பேப்பர் திருத்த வேண்டியிருந்துச்சு. நீங்க கூப்பிட்டுக்கிட்டே இருந்தீங்க. ரெண்டு நாளைக்குன்னுதான் நெனச்சேன்."

அவர் பசை டப்பாவை மூடி ஓரமாக வைத்தார். தெருவில் மீன்காரம்மா கூவிக்கொண்டு போனது கேட்டது. பிறகு, எண்ணைப் பற்றி இல்லாமல், வேறொன்றைக் கேட்டார்.

"நான் கிழிச்சுப் போட்டப்பல்லாம் நீ இங்கதானே இருந்தே?"

"இருந்தேன்."

"வரும்னு சொன்னே."

"சொன்னேன்."

அவளுக்கு அழுகை முட்டியது. அழுதால் அவர் சமாதானப்படுத்த வேண்டி வரும், அதற்குத் தனக்கு யோக்கியதை இல்லை என்று அடக்கிக்கொண்டாள். பதினொன்றின் விஷயத்தை மட்டும் சொன்னாள். ஓர் இலக்கம் விட்டு ஓர் இலக்கமாகக் கூட்ட வேண்டும், விட்டுப்போனவற்றைத் தனியாகக் கூட்ட வேண்டும், இரண்டும் சமமாக வந்தாலோ, பதினொன்று, இருபத்திரண்டு என்று வித்தியாசப்பட்டாலோ அந்த எண் பதினொன்றால் வகுபடும். தாளின் மேல்பகுதியில் 60744805 என்ற வரியின் மேல் அவர் விரலை வைத்தார்.

"ஆறும் ஏழும் பதிமூணு, நாலு பதினேழு, சைபர். பதினேழு. இந்தப் பக்கம் சைபர், நாலு, எட்டு, அஞ்சு." நிறுத்தினார். "பதினேழு."

அடுத்த வரிக்குப் போனார். அதற்கடுத்த வரிக்கும் போனார். தாளின் பாதி வரை அவர் விரல் இறங்கியது. "சரியாத்தான் போட்டிருக்கேன்" என்றார், தனக்குத்தானே. அந்தக் குரலில் இருந்த நிம்மதிதான் தாமரையை அதிகம் வதைத்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கொஞ்ச நேரம் கழித்து அவர், "அப்ப நான் சீட்டுல உக்காந்திருக்கலாம்" என்றார்.

சிவநாதனிடம் அன்றே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நல்ல மனுஷன். "வேணும்னா செஞ்சே? விடு" என்றான். "வேணும்னுதான் செஞ்சேன்" என்றாள்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனாள். செயலர் அவளை உட்காரச் சொல்லி, முழுவதையும் கேட்டார். அவருக்கு விளங்கிய மாதிரியும் இருந்தது, விளங்காத மாதிரியும் இருந்தது. "அவரே வந்து திரும்ப எடுத்துக்கறேன்னு எழுதிக் குடுத்தா அடுத்த கூட்டத்துல வச்சுப் பாக்கலாங்க. நீங்க சொல்லி நான் ஒன்னும் செய்ய முடியாதுங்களே" என்றார். அண்ணனின் பழைய நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்து ரசீது எழுதிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் எழுதிக் கொடுக்கவில்லை. தாமரை கெஞ்சிப் பார்த்தாள், சேக் அலாவுதீனும் வந்து சொல்லிப் பார்த்தார். "பூவத்துலேர்ந்து ஒரு பொண்ணை எடுத்திருக்காங்களாம். இருந்த வேலையை விட்டுட்டு வந்திருக்கு. அதை எழுப்பிவிட்டுட்டு நான் போய் உக்காரவா? கையெழுத்து நான்தானே போட்டேன்" என்று முடித்துவிட்டார். தை பிறந்ததும் குரும்பகரத்துக்கே போய்விட்டார். கோபித்துக்கொண்டு போனார் என்று சொல்ல முடியாது. போகிற அன்று வாழைக்காய் வறுவல் நன்றாயிருந்தது என்றார். அறையில் இருந்த தாள்களை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. தாமரைக்கு அவற்றை எறியவும் மனம் வரவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. கடைசியில் சிவநாதன்தான் பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டான்.

வகுப்பில் பையன்களுக்கு அவள் இப்போது எண் கொடுப்பதில்லை. சத்தம் போட்டால் போடட்டும் என்று விட்டுவிடுகிறாள். தலைமையாசிரியை ஒருமுறை கூப்பிட்டு, "என்ன தாமரை, உன் கிளாசா இது?" என்று கேட்டார். "கொஞ்சம் பேசட்டும் மேடம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் குழம்பு எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். அவர் நன்றாகவே பேசுகிறார். சம்பா அறுவடை, இளவேனிலின் படிப்பு, பக்கத்து வீட்டு மாடு ஈன்ற கன்று, எல்லாம் பேசுகிறார். வலது கை பெரும்பாலும் சரியாகிவிட்டது. சைக்கிள் ஓட்டலாமா என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார். அதைக் கேட்கத்தான் மாசி மாதம் இருவரும் பரிசோதனைக்குப் போனார்கள். டாக்டர் அண்ணனைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, ஸ்கேன் படத்தைத் தாமரைக்குக் காட்டி விளக்கினார். புதிதாக ஒன்றுமில்லை, ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் விடக்கூடாது, சைக்கிள் தாராளமாக ஓட்டலாம்.

வெளியே வந்து அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து அப்படியே சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"சைக்கிள் ஓட்டலாங்கறாரா?"

"ஓட்டலாமாம்ணே. எல்லாம் நல்லாயிருக்காம்."

"நல்லது" என்றார். சிரிக்கவும் செய்தார். அவள் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனாள். வரிசையில் நாலைந்து பேர் நின்றார்கள். மாத்திரையை வாங்கிக்கொண்டு திரும்பியபோது பெஞ்சு காலியாக இருந்தது. அண்ணன் டாக்டரின் அறை வாசலில், நர்சின் மேசை முன்னால் நின்றிருந்தார். மருத்துவக் கோப்பை அவளிடம் நீட்டி, தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். சைக்கிள் என்ற சொல் மட்டும் தாமரையின் காதில் விழுந்தது. நர்ஸ் படித்துப் பார்த்துத் தலையாட்டினாள். அவர் இன்னொரு தடவை கேட்டார், அவளும் இன்னொரு தடவை தலையாட்டினாள்.

தாமரை மருந்துப் பையைப் பிடித்தபடி, அவர் கேட்டு முடிக்கும் வரை, தூணோரமாகவே நின்றாள்.